கே.எல்.லில் வேலை, தோட்டத்துப் பக்கம் வீடு: ராவாங்கா, பத்தாங் காலியா?

தம்பி, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. உங்களுக்குக் கோலாலம்பூரில் கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையம் பக்கம் ஆபீஸ் வேலை. மனைவி சுங்கை பூலோவில் தாதி (நர்ஸ்), ஷிஃப்ட் வேலை. இப்போது கெப்போங்கில் வாடகைக்கு இருக்கிறீர்கள். அப்பா அம்மா பத்தாங் காலிக்கு உள்ளே தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறார்கள். இன்னும் 2 ஆண்டில் அப்பாவுக்கு 60 ஆகிவிடும், வேலை முடிந்ததும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். கோலாலம்பூருக்கு வடக்கே ராவாங்கில் 380,000 வெள்ளி (ரிங்கிட்), செரண்டாவில் 320,000, பத்தாங் காலியில் 270,000, பெஸ்தாரி ஜெயாவில் அதற்கும் கீழே என்று ஏஜென்ட் சொன்ன விலைகளைப் போட்டு, "எதை வாங்கினால் மலிவு, எது பின்னால் விலை ஏறும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

எது மலிவு என்பதற்கு உங்கள் பட்டியலே பதில் சொல்லிவிட்டது. நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று நினைக்கிறேன். கோலாலம்பூர் வேலையையும் விடாமல், அப்பா அம்மாவையும் கூட வைத்துக்கொண்டு, மாதக் கடைசியில் கையைக் கடிக்காமல் இருக்க முடியுமா? அதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நான் வீடு, நில மதிப்பீட்டு நிறுவனத்தில் நெடுநாள் வேலை பார்த்தவன். வங்கி கடன் கொடுக்கும் முன் "இந்த வீடு இந்த விலை பெறுமா" என்று பார்த்து எழுதிக்கொடுப்பது எங்கள் வேலை. பத்தாங் காலி இருக்கும் உலு சிலாங்கூர் மாவட்டத்துத் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) பெரும்பாலானவற்றை உள்ளே போய்ப் பார்த்திருக்கிறேன். உங்களுக்குக் கடன் கிடைக்குமா என்பது வங்கியின் முடிவு, அதில் நான் வாக்குக் கொடுக்க முடியாது.

முதலில் கணக்கு. 90 விழுக்காடு கடன், 35 ஆண்டு, வட்டி 4 விழுக்காடு என்று வைத்துக்கொள்ளுங்கள். 380,000 வெள்ளி வீட்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 1,515 வெள்ளி. 320,000க்கு 1,275. 270,000க்கு 1,075. ராவாங்குக்கும் பத்தாங் காலிக்கும் விலையில் 110,000 வெள்ளி வித்தியாசம், ஆனால் மாதத் தவணையில் அது 440 வெள்ளிதான். விலையைப் பார்க்கும்போது மலைப்பாக இருக்கும் வித்தியாசம், மாதக் கணக்கில் அவ்வளவு பெரிதில்லை. பலர் இதைப் போட்டுப் பார்ப்பதே இல்லை.

இப்போது பயணத்தைச் சேர்ப்போம். ராவாங்கிலிருந்து பத்தாங் காலி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் வடக்கே. காரில் வேலைக்குப் போகிறவருக்கு நாளொன்றுக்கு 40 கிலோமீட்டர் கூடும். மாதம் 22 நாள் என்றால் 880 கிலோமீட்டர். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடும் மைவி காருக்கே 59 லிட்டர் எண்ணெய் (பெட்ரோல்) வேண்டும். லிட்டர் 2 வெள்ளி என்று வைத்தால் 118 வெள்ளி. டயர், சர்வீஸ், டோல் எல்லாம் சேர்த்தால் 200 வெள்ளியை நெருங்கிவிடும். நீங்களும் மனைவியும் ஆளுக்கொரு காரில் போனால் மாதம் 400 வெள்ளி. அதாவது 110,000 வெள்ளி மலிவான வீடு வாங்கியதில் வந்த லாபம் முழுக்க எண்ணெயாக எரிந்துபோகும், அதோடு தினமும் ஒரு மணி நேரம் ரோட்டில் கழியும். ஒருவர் ரயிலில் போனால் மட்டுமே அந்த மலிவு மலிவாக நிற்கும். இவ்வளவு நீளமாக நான் எழுதுவதற்கு இதுதான் காரணம். ரயிலை நம்ப முடியுமா, அதை முதலில் முடிவு செய்யுங்கள். எந்த ஊர் என்பது அப்புறம்.

சரி, ரயில். 1995இல் கொமுட்டர் (புறநகர் மின்ரயில்) தொடங்கியபோது வடக்கே ராவாங்தான் எல்லை. இரட்டைத் தண்டவாளம் போட்ட பிறகு 2007 முதல் படிப்படியாக ராசா, கோல குபு பாரு, தஞ்சோங் மாலிம் என்று நீண்டது. முன்பு ராவாங்கில் இறங்கி மாற வேண்டியிருந்தது. இப்போது தஞ்சோங் மாலிமிலிருந்து போர்ட் கிள்ளான் வரை ஒரே தடம், பத்தாங் காலியில் ஏறினால் கே.எல். சென்ட்ரலில் இறங்கலாம். ராவாங்கிலிருந்து முக்கால் மணிக்கு மேல், ஒரு மணிக்குள். பத்தாங் காலியிலிருந்து ஒன்றேகால் மணி அளவில். உட்கார இடம் கிடைக்கும், அது பெரிய விஷயம். ராவாங்கில் ஏறுகிறவர் பல நாள் நின்றுகொண்டுதான் போவார்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ராவாங்குக்கு வடக்கே ரயில்கள் குறைவு, ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டும். ராவாங் முதல் சாலாக் செலாத்தான் வரை 42 கிலோமீட்டர் பழைய தண்டவாளத்தைப் புதுப்பித்த காலத்தில் தாமதம் தாங்க முடியாமல் கார் வாங்கிக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி. நகர ரயில்களுக்கு இருக்கும் 50 வெள்ளி மாதப் பாஸ் கொமுட்டருக்குச் செல்லாது. "50 வெள்ளியில் மாதம் முழுக்கப் போகலாம்" என்று ஏஜென்ட் சொன்னால் அவர் வேறு ரயிலைச் சொல்கிறார். உங்கள் ஆபீஸ் கே.எல். சென்ட்ரலிலிருந்து நடக்கிற தூரம் என்பதால் உங்களுக்கு இரண்டாவது டிக்கெட் தேவையில்லை. இதே ஆபீஸ் செராஸிலோ புத்ராஜெயாவிலோ இருந்திருந்தால் பத்தாங் காலியை நினைக்கவே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன்.

முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். அப்பா வீட்டில் ஒரு வாரம் தங்கி, அங்கிருந்தே வேலைக்குப் போய்ப் பாருங்கள். லயத்திலிருந்து வேண்டாம், வாங்க நினைக்கும் தாமானின் வாசலிலிருந்து நேரம் பாருங்கள். விடியுமுன் ஸ்டேஷனில் மோட்டார் நிறுத்த இடம் இருக்கிறதா, எவ்வளவு நேரத்துக்கு முன் போனால் கிடைக்கிறது, சாயங்காலம் மழையில் திரும்பும்போது ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு எப்படிப் போவது, எல்லாம் அந்த வாரத்தில் தெரிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து மோட்டாரில் 10 நிமிடத்துக்குள் இல்லாத தாமானை நான் கணக்கிலேயே எடுக்க மாட்டேன். அதைத் தாண்டினால் மழைக்காலத்தில் காரை எடுத்துவிடுவீர்கள். எடுத்தால் மேலே சொன்ன கணக்கு உடைந்துவிடும்.

மனைவியின் விஷயம்தான் இதில் கடினம். சுங்கை பூலோவுக்கும் இதே கொமுட்டர் போகிறது, பெண்களுக்குத் தனிப் பெட்டி 2010 முதல் இருக்கிறது. ஆனால் காலை ஷிஃப்டுக்கும் இரவு 9 மணிக்கு முடியும் ஷிஃப்டுக்கும் ரயில் ஒத்துவராது. அவர் கார்தான் ஓட்ட வேண்டியிருக்கும். பத்தாங் காலியிலிருந்து சுங்கை பூலோ ஒரு வழி 40 கிலோமீட்டர் அளவில். இரவு ஷிஃப்ட் முடித்து, தூக்கக் கண்ணோடு காலையில் இந்தத் தூரத்தை ஓட்டுவது பற்றி அவரிடம்தான் நீங்கள் கேட்க வேண்டும். என் கணக்கில் அது அடங்காது. அவருக்கு இரவு ஷிஃப்ட் மாதத்தில் பல நாள் வருகிறது, இடமாற்றம் கிடைக்க வழியே இல்லை என்றால் செரண்டாவுக்கு இறங்கி வாருங்கள். அங்கே தவணை 200 வெள்ளி கூடும், தூரம் குறையும், கொமுட்டரும் நிற்கும். இடமாற்றம் கேட்பதாக இருந்தால் கோல குபு பாருவில் அரசாங்க மருத்துவமனை இருக்கிறது என்பதையும் மனதில் வையுங்கள்.

பெஸ்தாரி ஜெயா, நம் ஆட்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் ஊர். 2007இல்தான் பெயர் மாறியது. ஊர் எனக்குப் பிடிக்கும், ஆனால் உங்களுக்கு ஒத்துவராது. ரயில் கிடையாது. 2011இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலை வந்த பிறகு கார் பயணம் சுலபமானது உண்மை, ஆனால் டோல், எண்ணெய் இரண்டும் தினமும் உங்கள் தலையில். மேலும் அந்தப் பக்கம் கரிமண் (மக்கிய செடிகொடிகளாலான சதுப்பு மண்) நிலம் அதிகம். கரிமண் மேல் கட்டிய வீடுகளில் கார் நிறுத்துமிடமும் பின் சமையலறையும் கீழே இறங்கி, வாசலில் படி வைக்கிற அளவுக்கு வந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வறட்சியில் ராஜா மூசா காட்டுப் பக்கம் கரிமண் தீப்பிடித்தால் புகையும் வரும். கோல சிலாங்கூரிலேயே வேலை பார்க்கிறவருக்கு அது நல்ல இடம். கே.எல். சென்ட்ரலுக்கு இல்லை.

விலை ஏறுமா என்ற கேள்விக்கு வருகிறேன். உறுதியாகச் சொல்ல முடிந்தது கடந்த காலத்தைத்தான். பக்கத்திலேயே பாடம் கிடக்கிறது: புக்கிட் பெருந்துங், புக்கிட் செந்தோசா, லெம்பா பெரிங்கின். 1990களில் தோட்டங்களை வெட்டி ஆயிரக்கணக்கில் வீடு போட்டார்கள். நெடுஞ்சாலையில் இன்டர்சேஞ்ச் இருக்கிறது, கோலாலம்பூர் வடக்கே வளரும் என்று சொல்லி விற்றார்கள். 1997இல் நிதி நெருக்கடி வந்தது. 1998இல் விமான நிலையம் செப்பாங்கில் திறந்தது, அடுத்த ஆண்டு அரசாங்க அலுவலகங்கள் புத்ராஜெயாவுக்குப் போகத் தொடங்கின. வளர்ச்சி தெற்கே திரும்பிக்கொண்டது. லெம்பா பெரிங்கினில் பாதியில் நின்றுபோன வீடுகளுக்குள் மரம் முளைத்து நின்றது. பெருந்துங்கில் சாவி கிடைத்தும் குடிவராத தெருக்கள் இருந்தன. இப்போது ஆள் வந்திருக்கிறது, செரண்டாவில் பெரோடுவா தொழிற்சாலையும் தஞ்சோங் மாலிமில் புரோட்டானும் இருப்பதால் வாடகைக்கு ஆள் கிடைக்கிறது. ஆனாலும் அன்று வாங்கியவர்கள் பட்டதைப் பார்த்த நான், "இங்கே ரயில் வரப்போகிறது, மால் வரப்போகிறது" என்ற பேச்சுக்கு ஒரு வெள்ளி கூட மதிப்புப் போட மாட்டேன். இன்று கண்ணால் பார்க்க முடிகிற ஸ்டேஷன், இன்று திறந்திருக்கிற பள்ளி, இவற்றுக்கு மட்டும் காசு கொடுங்கள். குடியிருக்கத்தானே வாங்குகிறீர்கள், விலை ஏறினால் சந்தோஷம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏஜென்ட் சொன்ன 270,000 அவர் கேட்கும் விலை. அதே தெருவில் உண்மையில் கைமாறிய விலை என்ன என்பதை நாட்டின் மதிப்பீட்டு, சொத்துச் சேவைத் துறை வெளியிடும் பரிவர்த்தனைப் பட்டியலில் பார்க்கலாம். கேட்கும் விலைக்கும் வங்கி மதிப்பீட்டுக்கும் இடைவெளி இருந்தால் அந்தப் பள்ளத்தை நீங்கள்தான் ரொக்கமாக நிரப்ப வேண்டும். 270,000க்குப் பேசிய வீட்டை 245,000 என்று மதிப்பிட்டால் வங்கி 245,000க்குத்தான் 90 விழுக்காடு தரும். முன்பணம் 27,000 என்று நினைத்துப் போனவர் 49,500 தேட வேண்டிவரும். அதனால் முன்பணம் கட்டுவதற்கு முன்பே இரண்டு மூன்று வங்கிகளில் வாய்மொழி மதிப்பு கேட்டுக்கொள்ளுங்கள், இலவசம்தான்.

நிலப் பட்டாவில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்கி விழுகிறார்கள். உலு சிலாங்கூரில் மலாய் ஒதுக்கீட்டு நிலம் இருக்கிறது, அது நமக்கு மாற்ற முடியாது. தாமானுக்குள்ளேயே பூமிபுத்ரா லாட் (மலாய்க்காரர், பூர்வகுடியினருக்கு ஒதுக்கிய) வீடுகள் இருக்கும். அவற்றை நமக்கு விற்க மாநில அனுமதி வேண்டும், கிடைக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. 99 ஆண்டுக் குத்தகை வீடு என்றால் பெயர் மாற்றத்துக்கும் மாநில ஒப்புதல் வேண்டும், அதற்கே மாதக்கணக்கில் ஆகும். எத்தனை ஆண்டு பாக்கி இருக்கிறது என்றும் பாருங்கள், மீதம் குறையக் குறைய வங்கிக் கடனும் இறுகும். இதெல்லாம் ஏஜென்ட் வாயால் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இல்லை. பட்டா நகலைக் கேட்டு வாங்கி, நில அலுவலகத்தில் அதிகாரபூர்வத் தேடல் எடுங்கள். முக்கிம் பட்டா (மாவட்ட அளவில் பதிவான பட்டா) என்றால் கோல குபு பாருவில் இருக்கும் மாவட்ட நில அலுவலகம். பட்டா எண் கெரான், பி.என்., எச்.எஸ்.டி. என்று தொடங்கினால் ஷா ஆலாமில் மாநில நில அலுவலகம். சிறிய கட்டணம்தான். உங்கள் வீட்டுப் பட்டாவை நான் பார்க்கவில்லை, ஆகவே அது எந்த வகை என்று இங்கிருந்து சொல்ல முடியாது.

வீட்டைப் பார்க்கப் போகும்போது டைல்ஸையும் கிச்சன் கேபினெட்டையும் பார்த்து மயங்க வேண்டாம். நாங்கள் போனால் முதலில் தெருவில் நடப்போம். தபால் பெட்டிகளில் வீட்டு வரி பில் பிதுங்கிக் கிடந்தால் அங்கே ஆள் இல்லை. மின்மீட்டர் கழற்றிய வீடு எத்தனை, கிரில் துருப்பிடித்த வீடு எத்தனை என்று பார்த்தால் அந்தத் தெருவின் நாடி தெரிந்துவிடும். வீட்டுக்குள் போனால் கதவுச் சட்டத்தின் அடிப்பாகத்தைத் தட்டிப் பார்ப்பேன். வெள்ளம் ஏறிய வீட்டில் சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருப்பார்கள், சட்டத்தின் அடி உளுத்துப்போய் இருக்கும். பின்பக்க ஓரக் கதவும் குளியலறைக் கதவும் மாற்றப்பட்டு, முன் கதவு பழையதாகவே இருந்தாலும் ஏன் என்று கேளுங்கள். சாக்கெட்டுகளை இடுப்பு உயரத்துக்கு ஏற்றிவைத்திருந்தால் கேட்கவே தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவிடம் இரண்டு கேள்வி போதும்: "தண்ணி ஏறுமா, தண்ணி நிக்குமா?" முதலாவது வெள்ளம், இரண்டாவது குழாய்த் தண்ணீர். 2020 செப்டம்பரில் ராவாங் பக்கம் சுங்கை கோங்கில் கழிவு கலந்ததால் கிள்ளான் பள்ளத்தாக்கே தண்ணீர் இல்லாமல் தவித்தது நினைவிருக்கும். வயதான பெற்றோரை வைத்துக்கொள்ளும் வீட்டில் பெரிய தொட்டி ஒன்று போட்டே ஆக வேண்டும்.

பெற்றோர் என்றதும் ஒன்று. படுக்கையறை ஒன்று கீழ்த்தளத்தில் வேண்டும். இதனாலேயே இரட்டை மாடியைவிட அகலமான ஒற்றை மாடித் தொடர் வீடு உங்களுக்குப் பொருந்தும், விலையும் குறைவு. அப்பாவுக்குத் தோட்டத்து நண்பர்கள், கோயில், சாயங்காலம் உட்காரும் தேநீர்க் கடை எல்லாம் பத்தாங் காலியைச் சுற்றித்தான். அவரை ராவாங்குக்குக் கொண்டுபோய் மூடிய கேட்டுக்குள் வைத்தால் ஆறே மாதத்தில் "என்னை அங்கேயே விட்டுடு" என்பார். பிள்ளைக்குத் தமிழ்ப்பள்ளி எங்கே என்பதை இப்போதே போய்ப் பாருங்கள். தோட்டப் பெயரோடு இருக்கும் பள்ளிகள் சில இன்று வேறு தாமானுக்கு இடம் மாறியிருக்கின்றன, பெயரை வைத்து இடத்தை முடிவு செய்யக் கூடாது. மாணவர் எண்ணிக்கை, பாலர் வகுப்பு உண்டா, நீங்கள் இருவரும் திரும்பும்வரை பிள்ளையை யார் கூட்டிவருவார் என்று கேளுங்கள். தாத்தா மோட்டாரில் கூட்டிவர முடிகிற தூரத்தில் பள்ளி இருந்தால் அதுவே மாதம் சில நூறு வெள்ளி மிச்சம்.

பணத்தில் இரண்டு எச்சரிக்கை. 500,000 வெள்ளி வரையிலான முதல் வீட்டுக்கு முத்திரை வரி விலக்கு உண்டு. 270,000 வெள்ளி வீட்டில் பெயர் மாற்றத்துக்கு 4,400, கடன் பத்திரத்துக்கு 1,215 வெள்ளி மிச்சமாகும். ஆனால் பட்டாவில் பெயர் சேரும் ஒவ்வொருவருக்கும் அது முதல் வீடாக இருக்க வேண்டும். அப்பா பெயரில் எப்போதோ வாங்கிய மலிவு விலை வீடு ஒன்று இருந்து, மரியாதைக்காக அவர் பெயரையும் சேர்த்தால் விலக்கு போய்விடும். இந்த விலக்குக்குக் காலக்கெடு உண்டு, நீங்கள் கையெழுத்துப் போடும் தேதிக்கு அது நடப்பில் இருக்கிறதா என்று வழக்கறிஞரிடம் கேளுங்கள். இரண்டாவது, உங்கள் இ.பி.எஃப். (ஊழியர் சேமநிதி) செஜாத்திரா கணக்கிலிருந்து வீட்டுக்குப் பணம் எடுக்கலாம், தாராளமாக எடுங்கள். அப்பாவின் இ.பி.எஃப்.பைத் தொட வேண்டாம். காலம் முழுக்கச் செம்பனைக் குலை வெட்டிச் சேர்த்த காசு, வாசலில் கண்ணாடிக் கூரை போடுவதற்கா?

ஆக, உங்கள் நிலைமைக்கு என் சாய்வு பத்தாங் காலிதான்: ஸ்டேஷனுக்குப் பக்கம், ஒற்றை மாடி, நீங்கள் ரயில், மனைவி கார். பெற்றோர் கூட வரவில்லை, நீங்கள் இருவர் மட்டும் என்றால் ராவாங்கே போங்கள் என்று சொல்லியிருப்பேன். வீடு பிடித்துப்போனால் முன்பணத்தின் முதல் பகுதியாக 2 அல்லது 3 விழுக்காடு கேட்பார்கள். அதை ஏஜென்டின் சொந்தக் கணக்கில் போடாதீர்கள், பதிவு பெற்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்கில் மட்டும். "வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப" என்ற வரி அந்தத் தாளில் எழுத்தில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.